பெருவிரலுக்கு ஒரு புதிய பணி

எம் கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருதல் வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, பழைய மாணவர் எல்லோரும் எதனை எழுதுவரோ அதனையே யாமும் எழுதக் கருதினோம். அதிபரின் பிரம்பு, விடுதியிற் கிடைத்த புட்டும் சம்பலும், சரசுவதி பூசை நாளின் அவலும் கடலையும், துடுப்பாட்டப் போட்டியைக் காண மதிலேறிச் சென்றமை ஆகியன யாவும் நினைவில் வந்தன. ஆயினும் இவற்றைப்பற்றி எம்மினும் நன்றாக எழுதவல்ல நண்பர் பலர் உளர். கடந்த ஓராண்டாக எம் சிந்தையையும் கையையும் ஆட்கொண்டிருந்த பொருள் வேறொன்று. அஃது ஒரு சாவிப்பலகை. கணினியோடு இணைத்துத் தட்டெழுதும் பலகையையே கூறுகின்றோம். விழா மலரிலே இதற்கென்ன வேலை என்று நண்பர்கள் நகைத்தல் கூடும். இறுதிவரை வாசிப்பார்க்கு, இக்கட்டுரையும் எம் ஆசிரியர் ஒருவரைப்பற்றியதே என்பது புலனாகும்.

மேல் வகுப்பில் எமக்குத் தமிழ் கற்பித்த அவரை அக்காலத்து மாணவர் மறந்திருத்தல் இயலாது. வெள்ளை வேட்டி, தோளிற் சால்வை, சைக்கிளிற் கட்டிய குடை, சட்டைப் பையில் ஒரு சிறு பென்சில் ஆகியவற்றோடு அவர் வருவார். சனிக்கிழமைகளில் தோட்டங்களுக்கும் பனங்கூடல்களுக்கும் செல்வார். கமக்காரரையும் மரமேறுந் தொழிலாளரையும் கண்டு அவர்தம் தொழிற் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்வார். துலா, ஆடுகால், பட்டை, துரவு எனக் கிணற்றடிச் சொற்கள் ஒருபுறம். வடலி, பாளை, பன்னாடை, தளநார் எனப் பனையோடு சேர்ந்த சொற்கள் மற்றொருபுறம். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், வழங்கும் ஊர், சொன்னவர் வயது என்பன குறிக்கப்பட்டிருக்கும். துலா மிதித்து நீர் இறைத்த கிணறுகளில் இயந்திரம் பூட்டப்பட்டபோது, அச்சொற்களும் கிணற்றடியை விட்டு அகலும் என்பதை அவர் முன்னரே உணர்ந்திருந்தார் போலும்.

அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தபின், 2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அவர்தம் மூத்த மகளார் எம்மை அழைத்தார். எமக்கு ஏழெட்டு வயது மூத்தவர். சிறு வயது முதல் அவரை அக்கா என்றே அழைப்போம். இடப்பெயர்வுகளின்போது வீட்டுப் பொருள்கள் பல அழிந்தும், மூன்று அப்பியாசக் கொப்பிகளை மட்டும் அவர் துணியிற் சுற்றிக் காத்து வந்திருந்தார். ஓரங்கள் செல்லரித்திருந்தன. மை மங்கியிருந்தது. பிள்ளைகள் தம்மைக் கனடாவுக்கு அழைத்துக்கொள்ள ஆயத்தஞ் செய்வதாகவும், அதற்கு முன்னே இவற்றை எவ்வாறேனும் அச்சுக்கு உரிய வடிவிற் கொண்டுவரல் வேண்டுமெனவும் கூறினார். “ஐயாவின்ரை எழுத்து என்னோடை அழிஞ்சு போகக்கூடாது, தம்பி” என்று அவர் சொன்னபோது எம்மால் மறுத்துரைக்க முடியவில்லை. கொப்பிகளைப் பெற்றுக்கொண்டு வீடு வந்தோம்.

யாம் ஓய்வு பெற்றபின் கணினியிலே தட்டெழுதப் பழகியவர். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை நிறுவி வைத்திருக்கின்றோம். பழைய பொறிக்கும் அது பாரமாவதில்லை, விலையும் இல்லை. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் ரோவால்ட்ஸ் என்பவர் 1991ஆம் ஆண்டில் தொடக்கிய முயற்சி, உலகெங்கும் உள்ளோர் கைகொடுக்க வளர்ந்து, இன்று எம் மேசைக்கும் வந்துளது. அதன் உள்ளமைப்பை எவரும் திறந்து பார்க்கலாம், வேண்டியவாறு திருத்தலாம். இவ்வுரிமையின் பயனை யாம் அந்நாளில் அறிந்திலேம். பின்னர் அறிந்தவாற்றையே இங்கு எழுதுகின்றோம்.

ஏறத்தாழ நாற்பது பக்கங்கள் தட்டெழுதியபோது எம் இடக்கைச் சிறுவிரல் எம்மைத் தடுத்தது. 1966ஆம் ஆண்டில் எம் கல்லூரி மைதானத்திலே ஒரு பிடியெடுக்க முயன்று அவ்விரலை முறித்துக்கொண்டோம். பந்தும் கைக்குள் நிற்கவில்லை. விரலும் நேராகப் பொருந்தவில்லை. இளமையில் அது பொருட்படுத்தத் தக்கதாக இருக்கவில்லை. முதுமையில் மூட்டு வீங்கிக்கொண்டது. கணினியிற் பணி செய்வோர் அறிவர்: பிரதி செய்தல், ஒட்டுதல், சேமித்தல், செய்த பிழையை மீட்டல் என்னும் எல்லாவற்றுக்கும் கொன்றோல் என்னும் சாவியை அழுத்திக்கொண்டே மற்றொரு சாவியைத் தட்டுதல் வேண்டும். அக்கொன்றோற் சாவி பலகையின் இடப்புறக் கீழ் மூலையில், அச்சிறுவிரலுக்கென்றே வைக்கப்பட்டதுபோற் கிடக்கின்றது. சொற்பட்டியல் தட்டெழுதுவார்க்கு அதனை நாளொன்றுக்குப் பல நூறு முறை அழுத்தல் நேரிடும்.

வைத்தியர் விரலைப் பார்த்து, அதற்கு ஓய்வு கொடுக்காவிடின் பின்பு பேனா பிடித்தலும் அரிதாகும் என்றார். மற்றைய விரல்கள் எவ்வாறுள எனக் கேட்டோம். பெருவிரல் நன்றாகவே இருக்கின்றது எனக் கூறி அவர் சிரித்தார். அன்றிரவு சாவிப்பலகையை நோக்கியபோது ஓர் உண்மை புலப்பட்டது. கையிலே வலிமை மிக்க விரல் பெருவிரல். அதற்குப் பலகையிற் கொடுக்கப்பட்ட பணியோ, சொற்களுக்கிடையே வெளிவிடும் நீண்ட சாவி ஒன்றைத் தட்டுதல் மாத்திரமே. இரு பெருவிரல்களுக்கும் சேர்ந்து ஒரே வேலை. மெலிந்த சிறுவிரலின் தலையிலோ அரைவாசிச் சுமை.

இந்நிலையில் எம் வகுப்புத் தோழர் ஒருவரின் மகன் யப்பானிற் கல்வி முடித்துத் திரும்பினார். தம் பெட்டியிற் கிடந்த பழைய சாவிப்பலகை ஒன்றை, வேண்டுமாயின் வைத்திருங்கள் மாமா, என்று எம்மிடம் தந்தார். யூ.எஸ்.பி. வகையைச் சேர்ந்த அப்பலகையைக் கண்டதும் எமக்கு உண்டான மகிழ்ச்சியை அவர் விளங்கிக்கொண்டிரார். யப்பானியப் பலகையிலே வெளிச்சாவி குறுகியது. அதன் இடப்புறத்தே ஒரு சாவியும் வலப்புறத்தே இரண்டு சாவிகளும் மேலதிகமாக உள்ளன. மூன்றும் பெருவிரல்களின் காலடியில் இருக்கின்றன. தட்டெழுதிய ஒலியெழுத்தைச் சீன வடிவெழுத்தாக மாற்றுதற்கு ஒன்று. மாற்றாது விடுதற்கு ஒன்று. கற்றகானா, ஹிரகானா என்னும் இருவகை ஒலியெழுத்துக்களுள் ஒன்றைத் தெரிதற்கு ஒன்று. அவர்கள் மொழியில் இவற்றுள் முதலிரண்டின் பெயர் ஹென்கான், முஹென்கான் என்பன. இவை தவிர, பிழையை அழிக்கும் பின்வெளிச் சாவியின் அருகே யப்பானிய நாணயமாகிய யென் குறிக்கு ஒரு சாவியும், வலப்புற ஷிவ்ற் சாவியின் அருகே 'ரோ' என்னும் எழுத்துக்கு ஒரு சாவியும் உள. ஆக ஐந்து மேலதிகச் சாவிகள்.

ஆனால் பலகையைக் கணினியிற் பொருத்தியதும் ஏமாற்றமே எஞ்சியது. ஆங்கில எழுத்துக்கள் ஒழுங்காக வந்தன. குறியீடுகள் சிலவற்றில், சாவியின் முகத்தில் எழுதியிருந்தது ஒன்றும் திரையில் வந்தது மற்றொன்றுமாயின. பெருவிரலடியில் இருந்த மூன்று சாவிகளை எத்துணை அழுத்தினும் ஒன்றும் நிகழவில்லை. அவற்றுள் ஒன்றைக் கொன்றோல் ஆக்கிவிட்டால் எம் இடர் தீரும் என்பது தெளிவு. அதனை ஆக்குவது எவ்வாறு என்பதே கேள்வி.

இங்கே ஓர் உண்மையை விளக்குதல் அவசியம். சாவிப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. சாவியின் முகத்தில் எழுதியிருப்பது நமக்காக. கணினி அதனை அறியாது. ஒவ்வொரு சாவிக்கும் ஓர் இலக்கம் உண்டு. அதுவே கம்பி வழியே செல்கின்றது. எம் வகுப்பிலே வரவுப் பதிவேட்டை எடுத்து ஆசிரியர் இலக்கங்களை அழைக்க, நாம் 'உள்ளேன் ஐயா' என்று எழுந்து நின்றதை நண்பர்கள் நினைவுகூர்வர். பதினேழாம் இலக்கத்தார் யாவர் என்பது பதிவேட்டிலன்றோ எழுதப்பட்டிருந்தது? அடுத்த ஆண்டு வேறு பதிவேடு வந்தால் அதே பதினேழு வேறொருவன் ஆவான். சாவியின் செய்தியும் அத்தகையதே. இலக்கம் சாவியினுடையது, பொருள் பதிவேட்டினுடையது. பதிவேட்டைத் திருத்தினால், பலகையைத் தொடாமலே சாவியின் தொழிலை மாற்றலாம்.

லினக்ஸில் இத்தகைய பதிவேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன என்பதைப் பின்னரே அறிந்தோம். முதலாவது, பலகை அனுப்பும் இலக்கம். யூ.எஸ்.பி. முதன்முதலாக 1996ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட நியமம். அதனைச் சார்ந்த அட்டவணையொன்று எல்லாச் சாவிகளுக்கும் பொதுவான இலக்கங்களை விதிக்கின்றது. ஆங்கில 'ஏ' எழுத்துக்கு அதில் 4ஆம் இலக்கம். இரண்டாவதாக, லினக்ஸின் கருப்பகுதி அவ்விலக்கத்தைத் தன் கணக்கில் வேறோர் இலக்கமாக மாற்றும். 'ஏ' எழுத்து அங்கு 30 ஆகின்றது. மூன்றாவதாக, திரையை ஆளும் எக்ஸ் என்னும் முறைமை அதனோடு எட்டைக் கூட்டி 38 என எண்ணும். ஈற்றில், மொழிக்குரிய சாவி வரிசை அந்த 38ஐ ஆங்கில எழுத்தாகவோ தமிழெழுத்தாகவோ ஆக்கித் தரும். ஒரு சாவியை அழுத்தி எழுத்தைக் காணும் கணப்பொழுதுக்குள் இத்தனை கைமாற்றங்கள் நிகழ்கின்றன. எனவே சாவி ஒன்றின் தொழிலை மாற்றப் புகுவோர், எந்தப் பதிவேட்டில் மாற்றுவது என்பதை முதலிலே துணிதல் வேண்டும்.

யாம் அவ்வாறு துணியாது தொடங்கினோம். பழைய கைந்நூல் ஒன்றிற் கண்ட முறை, முன்னாளில் வழங்கிய வட்டச் செருகி கொண்ட பலகைகளுக்கு உரியது, யூ.எஸ்.பி. பலகையை அது தீண்டவே இல்லை. பின்பு எக்ஸ் முறைமையின் பதிவேட்டைத் திருத்தும் எக்ஸ்-மொட்-மப் என்னும் கருவியைக் கையாண்டோம். அன்று மாலை இடப்புறச் சாவி கொன்றோல் ஆயிற்று. வெற்றி என மகிழ்ந்து உறங்கினோம். மறுநாட் காலை மேசையைத் துடைப்பதற்காகப் பலகையைக் கழற்றி மீண்டும் பொருத்தியதும் வெற்றி மறைந்துவிட்டது. பலகை புதிதாகப் பொருத்தப்படும் ஒவ்வொரு முறையும் எக்ஸ் முறைமை தன் பதிவேட்டைப் புதிதாக எழுதிக்கொள்கின்றது. கரும்பலகையில் எழுதிய பாடம் துடைக்கப்பட்டதைப் போன்றதே அது. கல்லில் எழுதுதல் வேண்டுமாயின் இன்னும் கீழே, ஊற்றுக்கு அருகே செல்லல் வேண்டும்.

அதற்கு முதலில் எம் சாவிகளின் இலக்கங்கள் தெரிதல் வேண்டும். ஈவிரெஸ்ற் என்னும் சிறு கருவி இதற்கு உதவுகின்றது. அதனை இயக்கினால், கணினியோடு இணைந்த உள்ளீட்டுப் பொறிகளைப் பட்டியலிட்டு, எதனைக் கவனிப்பது எனக் கேட்கும். எம் பலகையின் பெயர் அப்பட்டியலில் இரண்டிடங்களில் இருந்ததைக் கண்டு திகைத்தோம். பல பலகைகள் தம்மை இரண்டு பொறிகளாகக் காட்டிக்கொள்ளும். எழுத்துச் சாவிகள் ஒரு வாயிலாலும், ஒலியைக் கூட்டுதல், உறங்க வைத்தல் முதலிய சாவிகள் மற்றொரு வாயிலாலும் செய்தி அனுப்பும். எம் ஐந்து சாவிகளும் முதல் வாயிலிலேயே பேசின. நண்பர்களின் பலகையில் அஞ்சல், கணிப்பான் முதலிய மேலதிகச் சாவிகள் இருந்து, அவை ஊமையாகத் தோன்றினால், இரண்டாம் வாயிலிலும் செவிசாய்த்துப் பார்ப்பார்களாக.

முஹென்கான் சாவியை அழுத்தியதும் 7008பி என்னும் இலக்கம் திரையில் வந்தது. அடுத்த வரியில், கருப்பகுதி அதனை 94 என அறிந்திருப்பது காட்டப்பட்டது. அழுத்தும்போது 1 என்றும் விடும்போது 0 என்றும் குறிப்பு விழுந்தது. எம் உள்ளம் குளிர்ந்தது. சாவி ஊமையன்று, இத்தனை நாளும் பேசிக்கொண்டே இருந்திருக்கின்றது, கேட்பாரின்மையே குறை. முதலில் நிற்கும் 7 சாவிப்பலகை அட்டவணையைக் குறிப்பது. கடைசி ஈரிலக்கங்கள் சாவியைக் குறிப்பன. ஒன்பதுக்கு மேல் ஏ, பி, சி என எழுத்துக்களால் எண்ணும் பதினறும எண்முறை இது. ஹென்கான் சாவிக்கு 7008ஏ, கற்றகானாச் சாவிக்கு 70088, யென் சாவிக்கு 70089, 'ரோ' சாவிக்கு 70087 என ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம்.

இனி மாற்றம். லினக்ஸில் யூடெவ் என்னும் பகுதி, ஒரு பொறி பொருத்தப்படும்போது அதனை வரவேற்று உரிய இடத்தில் இருத்துகின்றது. அதற்கு வன்பொருட் குறிப்பேடு ஒன்று உண்டு. நாமும் அதில் ஒரு குறிப்பெழுதலாம். இன்ன நிறுவனத்தின் இன்ன பலகை வந்தால் இன்ன இலக்கத்தை இன்ன சாவியாகக் கொள்க என்பதே அக்குறிப்பின் வடிவம். முதல் வரியில் பலகையின் அடையாளம்: இணைப்பு வகை, உற்பத்தியாளரின் நான்கு இலக்கங்கள், பொருளின் நான்கு இலக்கங்கள். அடுத்து வரும் வரிகளில் சாவி இலக்கமும், சமக்குறியும், புதிய சாவியின் பெயரும். எழுதி முடித்தபின் குறிப்பேட்டைத் தொகுக்குமாறு ஒரு கட்டளை. பொறிகளை மீண்டும் பார்க்குமாறு மற்றொரு கட்டளை. இவ்வளவே. இம்மாற்றம் கருப்பகுதியின் மட்டத்தில் நிகழ்வதால், எக்ஸ் முறைமையாயினும், அதன்பின் வந்த வேலண்ட் முறைமையாயினும், வெறும் கறுப்புத் திரையாயினும் எங்கும் செல்லும்.

எளிதாகத் தோன்றும் இதனைச் செய்து முடிக்க எமக்கு மூன்று நாட்கள் சென்றன. முதல் நாள், அடையாள இலக்கங்களிலுள்ள ஆங்கில எழுத்துக்களைச் சிறிய வடிவில் எழுதினோம். பொறிகளைப் பட்டியலிடும் கருவி அவற்றை அவ்வாறே காட்டியமையின் பார்த்தெழுதினோம். குறிப்பேடோ பெரிய எழுத்துக்களையே ஏற்கும். இரண்டாம் நாள், அதனைத் திருத்தியும் பயனில்லை. சாவிகளுக்குரிய ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு வெளி விட்டெழுதல் வேண்டும் என்னும் விதியை யாம் கவனித்திலோம். ஒரு புள்ளி தவறினாலும் மதிப்பெண் குறைத்த எம் ஆசிரியர் அன்று எம்மருகே நின்றது போல இருந்தது.

மூன்றாம் நாள் நேர்ந்தது பெரும் பிழை. எல்லாவற்றையும் திருத்தி எழுதும் உற்சாகத்தில் 7008பி என்பதை 7000பி என எழுதிவிட்டோம். கட்டளைகளைக் கொடுத்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றோம். திரும்பியபோது திரை பூட்டப்பட்டிருந்தது. கடவுச்சொல்லைத் தட்டினோம், ஏற்கவில்லை. மீண்டும் தட்டினோம், ஏற்கவில்லை. மூன்றாம் முறையும் அதே கதை. நெஞ்சு படபடத்தது. மூன்று கொப்பிகளுள் இரண்டு அக்கணினியின் உள்ளே அன்றோ இருந்தன? சிறிது நேரம் கண்ணை மூடியிருந்து, கையெழுத்துத் தாளை எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. 7000பி என்பது ஆங்கில 'எச்' எழுத்துச் சாவியின் இலக்கம். அந்த 'எச்' இப்பொழுது கொன்றோல் ஆகிவிட்டது. எம் கடவுச்சொல்லோ எம் கல்லூரியின் பெயரைக் கொண்டது; 'இந்து' என்னும் அப்பெயருக்கு ஆங்கிலத்தில் முதலெழுத்து எச். கல்லூரிப் பற்று எம்மை எம் வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

அலுமாரியிற் கிடந்த பழைய பலகையை எடுத்து வந்து பொருத்தினோம். குறிப்பு யப்பானியப் பலகைக்கு மட்டுமே உரியதாகையால், பழைய பலகையின் 'எச்' எச்சாகவே இருந்தது. கதவு திறந்தது, பிழை திருத்தப்பட்டது. இம்முயற்சியில் இறங்குவோர் இரண்டாவது பலகை ஒன்றை அருகில் வைத்திருத்தல் நன்று என்பது யாம் பட்டறிந்த பாடம். கல்லூரிப் பெயரைக் கடவுச்சொல்லாக வைத்திருப்போர் அதனை மாற்றிவிடுதல் அதனினும் நன்று. யாமும் மாற்றிவிட்டோம்.

அன்று மாலை ஐந்து சாவிகளும் புதுத் தொழில் பெற்றன. இடப் பெருவிரலின் கீழுள்ள முஹென்கான் கொன்றோல் ஆயிற்று. வலப்புற ஹென்கான், பலகையின் கோடியில் இருந்த மெனுச் சாவியின் இடத்தைப் பெற்றது. அம்மெனுச் சாவியை மொழி மாற்றுதற்கு உரியதாக முன்னரே அமைத்திருந்தமையால், பெருவிரலின் ஒரு தட்டிலே தமிழும் ஆங்கிலமும் மாறின. அதன் அருகிலிருந்த கற்றகானாச் சாவியைப் பின்வெளி ஆக்கினோம். பிழைகளை அழித்தலும் பெருவிரலின் பணியாயிற்று. யென் சாவி உண்மையான பின்வெளிச் சாவியைக் குறுக்கியிருந்தது. 'ரோ' சாவி ஷிவ்ற் சாவியைக் குறுக்கியிருந்தது. விரல் தவறி அவற்றில் விழும்போதெல்லாம் வேண்டாத குறிகள் தோன்றின. எனவே யென் சாவியையும் பின்வெளியாகவும், 'ரோ' சாவியை வலப்புற ஷிவ்ற்றாகவும் ஆக்கினோம். இடத்தைப் பிடித்தவை இடத்தைத் திருப்பிக் கொடுத்தன.

நம் மண்ணினர் ஒருவரை இவ்விடத்தில் நினையாதிருத்தல் தகாது. 1886ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா நாடு சென்ற இரா. முத்தையா அவர்களே தமிழ்த் தட்டெழுத்துப் பொறிக்குச் சாவி வரிசை வகுத்து, ஜேர்மனி நாட்டில் அதனைச் செய்வித்தவர். 247 எழுத்துக்களை ஒரு சிறு பலகையில் அடக்குவது எவ்வாறு என்பது அவர்முன் நின்ற வினா. எழுத்துக்களை உறுப்புறுப்பாகப் பகுத்து, தாள் நகராது நிற்கும் சாவிகளாற் புள்ளியும் விசிறியும் இட்டு, அவர் விடை கண்டார். வேற்று மொழிக்கென வார்க்கப்பட்ட பொறியைத் தம் மொழிக்கு வளைத்த பெரியார் அவர். இரும்பையும் வார்ப்பையும் மாற்றி அவர் செய்த செயலை, நாம் இன்று ஐந்து வரிகளை எழுதிச் செய்கின்றோம். இன்று யாம் கையாளுவது 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த மாநாட்டின் வழியாக வந்த தமிழ்99 என்னும் வரிசை. ஆயினும் தமிழ்ச் சாவி வரிசை எதனைத் தொடும்போதும் சுண்டிக்குளியின் நினைவு வராதிருப்பதில்லை.

சாவி மாறியதும் கை மாறிவிடவில்லை. பல ஆண்டுப் பழக்கம் சிறுவிரலை மூலைக்கே இழுத்தது. முதல் வாரத்தில், வெளிவிட எண்ணிக் கொன்றோலையும், கொன்றோலை எண்ணி வெளியையும் தட்டிப் பக்கங்களைச் சிதைத்தோம். ஒருமுறை முழுப் பட்டியலையும் தெரிவுசெய்து அழித்துவிட்டு, அதே பெருவிரலால் அதனை மீட்டோம். ஈற்றில் பழைய கொன்றோற் சாவியின்மேல் ஒரு துண்டு மட்டையை ஒட்டி வைத்தோம். விரல் அதனைத் தொட்டதும் நினைவு வரும். மூன்று வாரத்தில் மட்டை தேவைப்படவில்லை. சிறுவிரலின் வீக்கம் மெல்லத் தணிந்தது. முற்றாகக் குணமாகிற்று என்று கூறமாட்டோம். ஆனால் பேனா பிடிக்க இயல்கின்றது.

2025ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் மூன்று கொப்பிகளும் தட்டெழுதி முடிந்தன. செல்லரித்த பக்கங்களிற் சில சொற்களுக்குப் பொருள் எஞ்சியிருக்கவில்லை; சில பொருள்களுக்குச் சொல் எஞ்சியிருக்கவில்லை. அவ்விடங்களை வெறுமையாகவே விட்டோம். ஊகித்து நிரப்புதலை எம் ஆசிரியர் ஒருபோதும் பொறுத்திரார். அச்சிட்டுக் கட்டிய ஒரு பிரதியை அக்காவிடம் கொண்டுசென்றபோது அவர் பயணப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியை அணிந்து ஒரு பக்கத்தைத் திறந்தார். தளநார் என்னும் சொல்லருகே விரலை வைத்து, “இதை ஐயா கேட்டு எழுதின அண்டைக்கு நானும் சைக்கிளிலை போனனான்” என்றார். அதன்பின் நெடுநேரம் அவர் பேசவில்லை. கொப்பிகளைத் துணியிற் சுற்றித் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார். கணினிப் பிரதி எம்மிடமும் கல்லூரி நூலகத்தினிடமும் இருக்கின்றது.

துரோணருக்குத் தன் பெருவிரலை அரிந்து கொடுத்தான் ஏகலைவன். எம் ஆசிரியர் எம்மிடம் எதனையும் கேட்டவரல்லர். ஆயினும் அவருக்குரிய கடனில் ஒரு சிறு பகுதியை எம் பெருவிரல் கொடுத்துத் தீர்த்தது என்று எண்ணுகையில் மனம் நிறைகின்றது. இளைய மாணவர்க்கு ஒரு சொல். உங்கள் கையிலுள்ள பொறிகளில் பயனின்றிக் கிடப்பனவாகத் தோன்றுவன பல இருக்கும். அவை ஊமை என்று துணியுமுன், அவற்றின் இலக்கம் யாது எனக் கேளுங்கள். உங்கள் ஊர்க் கிணற்றடிகளிலும் பனங்கூடல்களிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் சொற்களும் அத்தகையனவே. சொல்லக் கூடிய முதியோர் இருக்கும்போதே ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு செல்லுங்கள். தட்டெழுத ஆளில்லையாயின் எம்மிடம் கொண்டு வாருங்கள். எம் பெருவிரல் ஆயத்தமாக இருக்கின்றது.

கல்லூரி அன்னை வாழ்க.